நகரத்தின் ஐந்தொகையில் சாக்கடை எந்தப் பக்கம்?

எங்கள் பக்கத்து நகராட்சியில் போன மாதம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அடுத்த முப்பது வருடத்தில் நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறார்களாம். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். தெருவிளக்குக்கு சென்சார், குப்பைத் தொட்டிக்கு சென்சார், மின்சாரப் பேருந்து, வீட்டுவரி கட்ட ஆப், சுற்றிலும் கேமரா. நாற்பது நிமிடம் ஓடியது. கடைசிப் படத்துக்கு முந்தின படத்தில் ஒரே ஒரு வரி: பாதாள சாக்கடை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பக்கத்தில் வரைபடத்தில் 'உத்தேச இடம்' என்று ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி எங்கள் கண்மாயின் உள்வாயில் இருந்தது.

பின்வரிசையிலிருந்து கடைமடை விவசாயி ஒருவர் எழுந்தார். "சார், சுத்தம் பண்ணுன தண்ணி எங்க வயலுக்கு வருமா?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த முதல்மடைக்காரர் விருட்டென்று திரும்பி, "ஏண்ணே, ஊர்ச் சாக்கடையவா வயலுக்குக் கேக்குறீக?" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தத் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து, "அதெல்லாம் டீட்டெயில்டு ரிப்போர்ட்ல வரும் சார்" என்று முடித்துக்கொண்டார்.

வெளியே டீக்கடையில் சண்டை தொடர்ந்தது. அப்போது ஒருவர், "பேங்க் சார், நீங்க கல்கத்தாவுல இருந்தப்ப அங்க சாக்கடைத் தண்ணியில மீன் வளக்குறாங்கன்னு சொன்னீகள்ல? அதை ஒழுங்கா எழுதிக் குடுங்க. உண்மையா, கதையான்னு பாத்துருவோம்" என்றார். அதுதான் இந்தக் கட்டுரை. நம் இதழ் வாசகர்களில் பலருக்கும் பக்கத்தில் ஒரு நகரம் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால் எங்கள் ஊர்ச் சங்கதி உங்களுக்கும் ஆகும்.

கிழக்கே சாயும் ஊர்

1991-ல் பதவி உயர்வு கொடுத்து என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வங்கியில் பதவி உயர்வும் தண்டனையும் ஒரே உறையில்தான் வரும். மூன்று வருடம் அங்கே இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு மீன்வளர்ப்புக் கூட்டுறவு சங்கத்தின் கடன் விண்ணப்பம் மேசைக்கு வந்தது, களஆய்வுக்குப் போனேன்.

நகரத்தின் கிழக்கு ஓரம். தார் மாதிரி கறுப்பாக ஓடும் ஒரு பெரிய கால்வாய். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் கரைமேல் நடக்க முடிந்தது. அந்தக் கால்வாயிலிருந்து ஒரு சின்ன மதகு வழியாகத் தண்ணீர் ஒரு குளத்துக்குள் இறங்குகிறது. குளம் என்றால் நம்ம ஊருணி அளவு இல்லை, கண்மாய் அளவு. அங்கே 'பேரி' என்கிறார்கள். கரையோடு நடந்து மறுகோடிக்குப் போனபோது கைக்குட்டை எப்போது சட்டைப்பைக்குப் போனது என்று எனக்கே தெரியவில்லை. நாற்றம் இல்லை. தண்ணீர் இளம்பச்சை. வலையை இழுத்தார்கள்: ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக் கெண்டை.

சங்கத்தில் வயதான ஒருவர் இருந்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார், நிறத்தைப் பார்த்தார், முகர்ந்தார், "இன்றைக்கு மதகு திறக்க வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அங்கே ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. என் படிவத்தில் 'நீர் ஆதாரம்' என்று ஒரு கட்டம். சாக்கடை என்று எழுதினால் வட்டார அலுவலகத்தில் கடனை நிறுத்திவிடுவார்கள். 'கால்வாய்ப் பாசனம்' என்று எழுதி அனுமதித்தேன். கடன் தவணை தவறாமல் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டை எந்தத் திட்டக் குழுவும் உட்கார்ந்து வரையவில்லை. கல்கத்தாவின் மேற்கே ஹூக்ளி ஆறு. ஆற்றங்கரை மேடு, ஊர் கிழக்கே சாய்ந்திருக்கிறது. ஆகவே வெள்ளைக்காரன் காலத்திலேயே சாக்கடையைக் கிழக்கே, பித்யாதரி என்ற ஆற்றை நோக்கித் திருப்பினார்கள். அங்கே உப்பு ஏரிகள், கடல் ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு. பித்யாதரி தூர்ந்துபோய் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலேயே செத்துவிட்டது. ஓதம் நின்றதும் உப்பு குறைந்தது. மிச்சமிருந்த பள்ளங்களில் நகரத்தின் சாக்கடையை விட்டு மீன் வளர்க்க முடியும் என்று அங்குள்ள குடியானவர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு சாக்கடைக் கால்வாயை இன்னும் கிழக்கே, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஓடும் குல்டி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக மீன்குளம், அதைத் தாண்டி நெல் வயல், ஒரு பக்கம் தாபா என்ற இடத்தில் நகரக் குப்பை மக்கின மண்ணில் காலிஃபிளவரும் கீரையும்.

இன்று கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்று அழைக்கப்படும் இதன் பரப்பு 12,500 ஹெக்டேர். நம் கணக்கில் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். சுமார் 250 மீன்குளங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கோடி லிட்டர் கழிவுநீர் இங்கே வந்து சேருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு மேல் சொல்கிறவர்களும் உண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீன். பெருநகரம் ஒன்றின் மையப் பகுதிச் சாக்கடைக்கு, நமக்குப் பழக்கமான மோட்டாரும் கான்கிரீட் தொட்டியும் வைத்த பெரிய சுத்திகரிப்பு நிலையம் இல்லாமலே இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சாக்கடையில் இருப்பது முக்கால்வாசி நம் சாப்பாட்டின் மிச்சம்தான். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் தயாராக இருக்கின்றன, அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அவ்வளவுதான். காற்று கிடைக்காத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும்; அப்போதுதான் அழுகின முட்டை நாற்றம். ஜீவாமிர்தத்தைக் கலக்காமல் மூடி வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நவீன சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தக் காற்றைப் பெரிய மோட்டார் வைத்து ஊதுகிறார்கள். அந்த நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்குத்தான். கல்கத்தாக் குளத்தில் அந்த வேலையைப் பாசி செய்கிறது. ஆழம் அதிகமில்லை, முழங்காலிலிருந்து நெஞ்சு வரை. வெயில் அடிவரை எட்டும். வெயிலில் பாசி பிராணவாயுவை விடுகிறது, நுண்ணுயிர் அதை எடுத்துக் கழிவைச் சிதைக்கிறது, சிதைந்ததில் வரும் சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. இப்படியே விட்டால் பாசி மண்டி, ராத்திரியில் அதுவே பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிடும். அங்கேதான் மீனுக்கு வேலை. பாசியையும் அதைத் தின்னும் சிற்றுயிர்களையும் மீன் தின்று அளவாக வைத்திருக்கிறது. நம் வயலில் களை எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் இருபது நாளில் தண்ணீர் தெளிகிறது. வெயிலிலும் அத்தனை நாள் தேங்கி நிற்பதிலும் நோய்க்கிருமிகளும் பெருமளவு சாகின்றன.

குளத்தைத் தயார் செய்யும் முறை நம்ம கோடை உழவேதான். குளிர்காலத்தில் வடித்துக் காயப்போடுவார்கள். வண்டலைக் கிளறி உழுது சுண்ணாம்பு போடுவார்கள். பிறகு சாக்கடையை விட்டுச் சில வாரம் சும்மா வைத்திருப்பார்கள். அடிமண்ணைக் கலக்கிவிட்டு, கொஞ்சம் மீன்குஞ்சை விட்டு உயிர் பிழைக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் முழுசாக விடுவது. கரையோரம் மூங்கில் அடித்து ஆகாயத்தாமரையைக் கட்டுப்பாடாக வளர்ப்பார்கள். நாம் சனியன் என்று திட்டுகிற அதே ஆகாயத்தாமரைதான். அலை கரையை அரிக்காமல் காக்கும், ஓரளவு உலோகங்களையும் உறிஞ்சும்.

இவ்வளவுக்கும் தேவை இரண்டே இரண்டு: வெயில், நிலம். வெயிலுக்குப் பட்டா கிடையாது. நிலத்துக்கு உண்டு, சிக்கலே அங்கேதான்.

மானியம் கொடுப்பது யார்?

1980-களின் தொடக்கம் வரை கல்கத்தா அதிகாரிகளிடமே, 'உங்க ஊர் சாக்கடை எங்கே போகிறது?' என்று கேட்டால் 'கிழக்கே' என்பதற்கு மேல் பதில் இருந்திருக்காது. மேற்கு வங்க அரசில் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ், கால்வாய்க் கரையோடு நடந்து போய்ப் பார்த்தார். மீன்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார், வரைபடம் போட்டார். அதற்கு முன் அங்கிருந்த சனங்களுக்குத் தெரிந்த தொழில் அது; அவருக்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கும் உலகத்துக்கும் தெரிந்தது. 1990-ல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. 2018-ல் காலமானார்.

கொல்கத்தாவைச் சூழல் மானியத்தில் வாழும் நகரம் என்ற பொருளில் அவர் ஒரு சொல்லாட்சியைப் பயன்படுத்தினார். வங்கிக்காரனான எனக்கு அது சுருக்கென்று தைத்தது. விவசாயிக்கு மானியம், உழவனுக்குத் தள்ளுபடி என்று எத்தனை கூட்டத்தில் முகம் சுளித்திருக்கிறோம்! ஒரு மகாநகரத்தின் மலஜலத்தை முழங்கால் தண்ணீரில் நின்று சுத்தம் செய்து, அதையே மீனாகவும் கீரையாகவும் சல்லிசு விலைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் குடியானவர்கள். இந்த மானியம் எந்த பட்ஜெட்டிலும் வரவில்லை. கணக்கில் வராத சொத்தை விற்பது சுலபம்.

விற்கவும் செய்தார்கள். நான் வாடகைக்கு இருந்த சால்ட் லேக், பெயரே சொல்கிறது பாருங்கள், உப்பு ஏரி. ஈரநிலத்தின் வடபகுதியை 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டல்மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பி எழுப்பின நகர். அதன் ஐந்தாம் செக்டார்தான் பிறகு மின்னணு, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பேட்டையானது. எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கென்று ஒதுக்கின நிலம், நிகழ்காலத் தொழில்நுட்பம் ஒன்றைப் புதைத்த இடம். நான் மாலையில் காய்கறி வாங்கப் போவேன். வாங்குவது தாபாக் கீரை, நிற்பது அதே ஈரநிலத்தின் புதைகுழிமேல். அப்போது இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல அகலமான தெரு, நல்ல காற்று என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

நான் அங்கே இருந்தபோதே, ஈரநிலத்துக்குள் வர்த்தக மையம் கட்ட ஒரு திட்டம் வந்தது. நகரத்துப் படித்தவர்கள் அமைப்பு ஒன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, ஈரநிலத்தில் நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-ல் தனிச்சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் ஓரங்களில் ஆக்கிரமிப்பு நின்றபாடில்லை. கால்வாய் தூர்ந்து, கடைசிக் குளங்களுக்குச் சாக்கடை போதவில்லை என்ற புகாரும் உண்டு. சாக்கடை போதவில்லை என்று சண்டை போடுகிற ஊர்! நம் கடைமடை விவசாயி கேட்ட கேள்வி அங்கே தினசரிக் கேள்வி.

நான் கையெழுத்துப் போட்டவை

இங்கே என் கணக்கையும் வைத்துவிட வேண்டும். கல்கத்தாவிலிருந்து திரும்பி வந்து இதே நகரத்தில் கிளை மேலாளராக இருந்தேன். நகரத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கண்மாய். அதன் ஆயக்கட்டு வயல்கள் மனையாகின. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, பட்டா சுத்தம், சம்பளக்காரர்கள். வீட்டுக்கடன் அறுபதுக்கு மேல் கொடுத்திருப்பேன். ஒன்றுகூட வாராக்கடன் ஆகவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது, இன்னமும் வைத்திருக்கிறேன்.

ஆயக்கட்டு போனபின் மடையை யாரும் திறக்கவில்லை. மடை திறக்காததால் வாய்க்கால் தூர்ந்தது. வாய்க்கால்மேல் ஒரு தெரு வந்தது. ஒரு ஐப்பசி மழையில் அந்த வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். என்னிடம் கடன் வாங்கின பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், கட்டில்மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, "சார், நீங்க வந்து இடத்தப் பாத்துட்டுத்தான லோன் குடுத்தீங்க?" என்றார். பார்த்தேன்தான். களஆய்வு அறிக்கையில் 'வடிகால் வசதி' என்று கட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் 'உண்டு' என்றே எழுதியிருப்பேன். இன்றைக்கு அந்தக் கண்மாய் அந்த நகரின் கழிவுநீர்த் தொட்டி. அதில் வெயில் இறங்காது, பிளாஸ்டிக் மூடியிருக்கிறது.

நீலப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கினதன் காரணம் இதுதான்.

ஒரு லட்சம் பேர், ஒரு நாள்

சரி, கடைமடைக்காரர் கேட்டதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்க வழிகாட்டு அளவு. அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்று வைப்பார்கள். லட்சம் பேர் உள்ள ஊருக்கு நாளைக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். அதிகாரிகள் பேச்சில் 10.8 எம்.எல்.டி.; ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நிறுத்த சுமார் 40,500 லிட்டர் வேண்டும். நெல்லுக்கு நாளைக்கு சராசரி ஒரு சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், இந்தத் தண்ணீர் 260 ஏக்கருக்குக் காணும். வரகு, கேழ்வரகு, பருத்தி என்று போனால் இரண்டு மடங்குக்கும் மேல். மழை பொய்த்தாலும் பொய்க்காத தண்ணீர். ஊர் குளிக்கிற வரைக்கும் வரும்.

சத்துக் கணக்கு இன்னும் பெரிசு. ஓர் ஆள் ஆண்டொன்றுக்குக் கழிக்கும் மலம், சிறுநீரில் தழைச்சத்து மட்டும் இரண்டரையிலிருந்து நாலு கிலோ. குறைந்த கணக்கையே எடுத்தாலும் லட்சம் பேருக்கு 250 டன். யூரியா மூட்டையில் சொன்னால் 12,000 மூட்டை (இந்த இதழில் யூரியா மூட்டையை அளவுகோலாக்கியதற்கு ஆசிரியர் குழு பொறுத்துக்கொள்ளட்டும், எனக்கு இன்னும் வேறு அளவு கைவரவில்லை). சுத்திகரிப்பிலும் காற்றிலும் இதில் பெரும்பகுதி போய்விடும்தான். ஆனாலும் இது எங்கிருந்து வந்தது? நம் வயலிலிருந்து நெல்லாக, பருப்பாக, காயாக ஏறிப் போனது. லாரி திரும்பி வரும்போது வெறுமையாக வருகிறது. பற்று மட்டும் விழுந்து வரவே விழாத கணக்கை எந்த வங்கியும் நெடுநாள் வைத்திருக்காது.

முதல்மடைக்காரர் சொன்னதும் சரிதான்

இப்போது மறுபக்கம். கேட்கிறவர்கள் சிலர் ஆர்வத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், போகக் கூடாது.

மலத்தை வெயிலும் பாசியும் சரிசெய்யும். குரோமியத்தை எதுவும் தின்னாது. கல்கத்தாவின் கிழக்குப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வெகுகாலம் அதே கால்வாயில் கலந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆலைகளை இடம் மாற்றச் சொன்னது. மாற்றிய இடம் பான்தலா, அதுவும் ஈரநிலத்தின் ஓரம்தான். மீனிலும் வண்டலிலும் காய்கறியிலும் உலோகங்கள் பற்றிய ஆய்வுகள் அங்கே தொடர்ந்து நடக்கின்றன.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், நொய்யல் போதும். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டினது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் சேர்ந்து, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. உப்பேறின மண்ணை மீட்பது எத்தனை கஷ்டம் என்று அந்தப் பக்கத்து வாசகர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆகவே வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் ஒரு குழாயில் கலக்கக் கூடாது. கலந்தபின் பிரிக்க ஆகும் செலவு, கலக்காமல் வைக்க ஆகும் செலவைப் போலப் பல மடங்கு. குழாய் பதிக்கிறதுக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. பதித்தபின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதக் கழிவு கலந்த உரத்துக்கு இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒரு மடை திறக்கும் முன்னால் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும், பச்சையாகத் தின்னும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லிக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்றே நான் வைத்துக்கொள்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் 1989 வழிகாட்டுதல், பச்சையாக உண்ணும் பயிருக்கு 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்றது. சாதாரணச் சுத்திகரிப்பில் அந்த அளவை எட்டுவது லேசில்லை. பருத்தி, தீவனப்புல், மரப்பயிர், பூச்செடி என்றால் பயம் குறைவு.

இரண்டு பக்கத்துப் பட்டணங்கள்

பெங்களூரு இதைக் குழாயில் செய்து பார்க்கிறது. 2018 ஜூன் முதல், சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைக்கிறார்கள். திட்ட அளவு நாளைக்கு 44 கோடி லிட்டர். நேரடிப் பாசனத்துக்கு இல்லை, ஏரியை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதற்கு. அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் போனது. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பது அங்குள்ள விவசாயிகளில் ஒரு பகுதியினரின் கோரிக்கை. வறண்ட கிணற்றில் தண்ணீர் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். எங்கள் டீக்கடைச் சண்டையின் பெரிய வடிவம்.

சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியது. அதே வருடத்தில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் அளவுக்குச் சுத்தம் செய்யும் நிலையங்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர். நல்ல வேலை. அந்த அளவுக்குத் தொழிற்சாலை நல்ல தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் சாலையை எங்கே போட்டோம்? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலும் உள்ளேயும். 2022-ல் அதுவும் ராம்சார் பட்டியலில் ஏறியது, மிச்சமிருந்தது மட்டும்.

நாங்கள் கேட்டிருப்பது

திட்டம் வேண்டாம் என்று எங்கள் சங்கம் மனுக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கழிவுநீர் இப்போது போலவே ஓடைவழியாகக் கண்மாய்க்குத்தான் வரும், சுத்தமாகாமல். நிலையம் வேண்டும், கண்மாய்க்குள் வேண்டாம் என்பதே முதல் கோரிக்கை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. குடிசை போட்டவனுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகராட்சியே கான்கிரீட் போட்டால் எப்படி? மேற்கே நகராட்சியின் பழைய குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் முப்பது ஏக்கர் போலப் புறம்போக்கு இருக்கிறது. நம்ம வெயிலுக்கு, எம்.எல்.டி.க்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் என்று குளங்கள் வெட்டினால் அந்த இடத்தில் மின்மோட்டாரைப் பாதிக்குப் பாதி குறைக்கலாம் என்பது எங்கள் வாதம். முதலில் சின்ன இயந்திர நிலையம், பின்னால் குளங்கள், குளத்தைத் தாண்டித்தான் கண்மாய். இடத்தை இப்போதே பதிவேட்டில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடத்தில் அங்கே ஒரு மனைப்பிரிவு வரும், ஏதாவது ஒரு மேலாளர் கடன் கொடுப்பார்.

சென்சார் விஷயத்தில் அந்தத் தம்பிக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். குப்பைத் தொட்டியில் வைக்கிறதை நிலையத்தின் வெளிவாயில் வையுங்கள். கரைந்த பிராணவாயு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று இரண்டே எண் போதும்; அதை மடையில் ஒரு பலகையில் ஓடவிடுங்கள், எங்கள் நீர்க்கட்டி பார்த்துத் திறக்கட்டும், மூடட்டும். எழுதிக்கொண்டார். கல்கத்தாப் பெரியவர் கையால் அள்ளிப் பார்த்ததைத்தான் கருவி செய்யப் போகிறது. மூட வேண்டும் என்று தோன்றினால் மூடும் அதிகாரம் எங்களிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதைத் தனியாக மனுவில் போட்டிருக்கிறோம். ஒப்பந்தக்காரரின் ஐந்து வருடப் பராமரிப்பு முடிந்தபின் மோட்டாருக்கு யார் மின்கட்டணம் கட்டுவார்கள் என்றும் கேட்டிருக்கிறோம். வங்கியில் இருந்தவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்: கட்டுகிறதற்குப் பணம் எப்போதும் கிடைக்கும், ஓட்டுகிறதற்குக் கிடைக்காது.

மனு போட்டதோடு நிற்கவில்லை. முதல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் இப்போது என்னோடு ஒன்றாகத்தான் வருகிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நகரத்துச் சாக்கடை ஒவ்வொன்றாகக் கரையோடு நடந்து பார்த்தோம். பெரிய வாய்க்கால் ஏழு. ஐந்தின் மூலம் வரை போய்விட்டோம். ஒன்றில் முலாம் பூசும் பட்டறை இரண்டும், ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் இறங்குகின்றன; அந்த வாய்க்காலில் மட்டும் தவளைகூட இல்லை. நாலு இடத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். உப்பு, கார அமில நிலைக்கு வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையம் போதும்; உலோகத்துக்கு வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பணம் சங்கக் கணக்கில். முடிவு வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள்.

மிச்சம் இரண்டு வாய்க்கால், பேருந்து நிலையத்துக்கு அடியில் புகுந்து எங்கே வெளிவருகின்றன என்று நகராட்சிப் பொறியாளருக்கும் தெரியவில்லை. வருகிற ஞாயிறு அதைத் தேடிப் போகிறோம். காலை ஆறு மணிக்கு வடக்கு மடை ஆலமரத்தடி. ரப்பர் பூட்ஸ் இருப்பவர்கள் போட்டுக்கொண்டு வரவும்.